கொல்வதும் வதைப்பதும்: திருகோணமலையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல், வயல், காடு மூன்றும் எங்கள் மாவட்டத்தில் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. அதனால் உயிர் எடுக்கும் வேலை இங்கே மறைவில் நடப்பதில்லை. மீன்வாடியிலும் சந்தையிலும் வீட்டு முற்றத்திலும் கண்முன்னே நடக்கிறது. மீன்பிடிக்கிறவர்கள், கோழி வளர்க்கிறவர்கள், சமைக்கிறவர்கள், விரதம் பிடிக்கிறவர்கள் எனப் பலரும் கேட்கும் கேள்விகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் மீன் தின்று வளர்ந்தவன், இன்றும் தின்கிறவன். தின்னும் உயிர் எப்படிச் சாகிறது என்பதற்குத் தின்கிறவரும் பொறுப்பு என்பதே என் நிலைப்பாடு. பதில்கள் எல்லாம் அதிலிருந்து வருகிறவைதான்.

எப்படியும் சாகப்போகிற உயிர்தானே? கெதியாகச் செத்தால் என்ன, இழுத்துக்கொண்டு கிடந்து செத்தால் என்ன?

நமக்குத்தான் முடிவு ஒன்று. இரண்டு வழியிலும் கறி சட்டிக்கு வந்துவிடும். சாகிற உயிருக்கோ கடைசி அரை மணி நேரம் மூச்சுமுட்டலில் போகிறதா, ஒரு அடியில் முடிகிறதா என்பதைவிடப் பெரிய விஷயம் வேறு இல்லை. நம் வீட்டில் ஒருவர் காலமானால், "பாயில் கிடந்து உத்தரிக்காமல் போய்ச் சேர்ந்தார்" என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். சாவு ஒன்றானாலும் சாகும் விதம் வேறு என்று நமக்கு நன்றாகத் தெரியும். ஆட்டுக்கும் மீனுக்கும் மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

கொல்லலாமா என்பது ஒரு கேள்வி. கொல்வதென்றால் எப்படி என்பது இன்னொன்று. முதலாவதற்கு "கொல்லக் கூடாது" என்று பதில் சொல்கிறவர்கள் சிலர், இரண்டாவதைக் காதில் வாங்குவதே இல்லை: "கொன்ற பிறகு அதில் என்ன நல்ல கொலை, கெட்ட கொலை?" என்கிறார்கள். "கொல்லலாம்" என்கிறவர்களோ, அனுமதி கிடைத்துவிட்டதால் மற்றது தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் அந்த உயிர் துடித்துக்கொண்டு கிடக்கிறது. கொல்லாமைக்குத் தனி அதிகாரம் வைத்த திருக்குறளிலேயே, கொலைத்தொழில் செய்வாரை விடக் குடிகளை அலைக்கழிக்கும் வேந்தன் கொடியவன் என்று 551 ஆம் குறள் சொல்கிறது. அங்கே பேசப்படுவது அரசனைப் பற்றித்தான், விலங்கைப் பற்றியல்ல. ஆனால் வதை என்பது கொலையிலிருந்து பிரித்து எடை போடவேண்டிய குற்றம் என்ற தெளிவு அதில் இருக்கிறது.

கெதியான சாவு என்று எதைச் சொல்வது? எப்படி அளப்பது?

உடல் துடிப்பு நின்ற நேரத்தை வைத்து அளக்கக் கூடாது. தலை போன பிறகும் கோழி ஓடும். அது நரம்பின் துடிப்பு, அதில் நோவு இல்லை. பார்க்கவேண்டியது, நினைவு எப்போது போகிறது என்பதை. ஆட்டின் கழுத்தைக் கூரிய கத்தியால் ஒரே இழுவையில், இரு பக்க இரத்தக்குழாயும் அறும்படி அறுத்தால் சில விநாடிகளில் நினைவு போய்விடும். மாட்டில் அப்படி இல்லை. முள்ளந்தண்டோடு ஒட்டி ஏறும் நாளங்கள் மூளைக்கு இரத்தத்தைக் கொடுத்துக்கொண்டே இருப்பதால் அரை நிமிடம், சிலவேளை ஒரு நிமிடத்துக்கு மேலும் எடுக்கும்.

அறுப்பதற்கு முந்திய நேரத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நாலு காலையும் கட்டி, லொறியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, தண்ணீர் காட்டாமல் ஒரு பகல் முழுக்கக் கொண்டுவந்த ஆட்டை எவ்வளவு நல்ல கத்தியால் அறுத்தாலும் அது கெதியான சாவு ஆகாது. சாவு லொறியில் ஏற்றும்போதே தொடங்கிவிட்டது.

மீனுக்கு நோகுமா? நோகாது என்றுதானே சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறோம்?

நானும் அப்படிக் கேட்டுத்தான் வளர்ந்தேன். 2003 இல் லின் ஸ்னெடன் என்ற ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் டிரவுட் மீனின் தலையில் நோவை உணரும் நரம்புமுனைகள் 22 இருப்பதைக் காட்டினார்கள். அதோடு நிற்கவில்லை. உதட்டில் தேனீ நஞ்சோ அசற்றிக் அமிலமோ ஏற்றிப் பார்த்தார்கள். மீன்கள் இரை எடுக்காமல் கிடந்தன, உடலை இரு பக்கமும் ஆட்டின, அமிலம் ஏற்றியவை தொட்டியின் அடியில் இருந்த சரளையில் உதட்டைத் தேய்த்தன. மோர்பின் கொடுத்ததும் அந்த நடத்தை குறைந்தது.

மறுக்கிற விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். நம் மூளையின் மேற்பட்டை மீனுக்கு இல்லை, ஆகவே உணர்வாக நோவு இராது என்பது அவர்கள் வாதம். விவாதம் முடியவில்லை என்றே வைத்துக்கொள்வோம். நோகும் என்ற பக்கம் பிழையானால் நாம் இழப்பது மீனுக்கு இரண்டு நிமிட வேலை. நோகாது என்ற பக்கம் பிழையானால் கணக்கற்ற உயிர்களை மூச்சடைக்க வைத்துக்கொண்டிருக்கிறோம். எந்தப் பக்கம் சாயவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

படகில் வேலை நெருக்கும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது?

பெரிய மீனுக்கு நேரம் இருக்கிறது. கெலவல்லா, அதாவது மஞ்சள் செட்டைச் சூரை ஏறும்போது பழைய ஆட்கள் என்ன செய்வார்கள் என்று பாருங்கள். ஈரச் சாக்கொன்றைக் கண்ணின்மேல் போடுவார்கள், மீன் அடங்கும். பொல்லால் இரண்டு கண்ணுக்கும் நடுவே, சற்று மேலே, ஒரே அடி. தப்பினால் உடனே மறு அடி. பிறகு பூவை, அதாவது செவுளைத் தூக்கி இரத்தக்குழாயை வெட்டி இரத்தம் வடியவிட்டு, குடலும் பூவும் எடுத்து, ஐஸில் இறக்குவார்கள். ஜப்பானியர் இதையே இன்னும் நுணுக்கமாகச் செய்கிறார்கள். கூரிய கம்பியால் மூளையைக் குத்தி, பிறகு நீண்ட கம்பியை முள்ளந்தண்டுக்குள் ஓட்டி நரம்பையும் அழிக்கிறார்கள். அவர்கள் அதை இகெஜிமே என்கிறார்கள்.

இதில் வியாபாரமும் இருக்கிறது. படகுத் தட்டில் கிடந்து அடித்து அடித்துச் சாகிற சூரையின் உடல் சூடேறும், சதையில் புளிப்பேறும், நிறம் வெளிறும். ஏற்றுமதிக்கு வாங்குகிறவர் வாலடியில் ஒரு துண்டு வெட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். கொட்பே துறைமுகத்தில் இறங்கும் மீனுக்கு இது காசுக் கணக்கு. காசுக்காகச் செய்தாலும் மீனுக்குக் கிடைப்பது நல்ல சாவுதான். நோக்கம் சுத்தமா என்று நான் தோண்டப் போவதில்லை.

கரைவலையில் வரும் சாளையும் நெத்தலியும் வேறு. ஒவ்வொன்றாக அடிக்க எவராலும் முடியாது. கடற்தண்ணீரில் நிறைய ஐஸ் கலந்து அதற்குள் உடனே இறக்குவது, வெயில் மணலில் கொட்டி வைப்பதைவிட எவ்வளவோ மேல். அது உடனடிச் சாவு என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். சிறு மீனில் நம்மால் முடிந்தது இவ்வளவுதான் என்பதை நெருடலோடுதான் எழுதுகிறேன்.

டைனமைட் போட்டால் ஒரே நொடியில் சாகிறதே? உங்கள் கணக்குப்படி அதுதானே நல்ல முறை?

இந்தக் கேள்வியை உண்மையாகவே ஒரு இளம் மீனவர் கேட்டார். நியாயமான கேள்வி, ஆகவே முழுதாகப் பதில் சொல்கிறேன்.

வெடிக்குப் பக்கத்தில் இருக்கிற மீன் நொடியில் சாகிறது, உண்மை. ஆனால் தண்ணீரில் அதிர்ச்சியலை வெகுதூரம் போகும். அலை மீனின் காற்றுப்பையை வெடிக்க வைக்கிறது, உள்ளே இரத்தக்குழாய்களைக் கிழிக்கிறது. நடுவில் இருப்பவை சாக, ஓரத்தில் இருப்பவை உள்காயத்தோடு நீந்திப் போய் எங்கோ கிடந்து சாகின்றன. காற்றுப்பை கிழிந்தவற்றில் பெரும்பகுதி மிதக்காமல் அடிக்குப் போய்விடும், அள்ளுகிறவர் கைக்கு வருவது ஒரு பங்குதான். குஞ்சு, முட்டை, இறால், முருகைக்கல் (பவளப்பாறை) எல்லாம் அதே அடியில் போகும். புறாமலைத் தீவைச் சுற்றியுள்ள முருகைக்கல்லைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு முருகைக்கற்பார் வெடியில் நொறுங்கினால் மீள்வதற்கு பல பத்து ஆண்டுகள் வேண்டும். கை போன மனிதர்களும் இந்தக் கரையோரத்தில் இருக்கிறார்கள்.

எந்த உயிரைக் கொல்கிறோம், எத்தனையைக் கொல்கிறோம் என்பது கொல்கிறவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். தெரியாமல் அழிப்பதை எந்த வேகமும் நியாயப்படுத்தாது.

1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம் வெடிபொருளைத் தடை செய்கிறது. அப்படிப் பிடித்த மீனென்று தெரிந்துகொண்டே வாங்குவதும் குற்றம். சந்தையில் அடையாளம் காணலாம்: வயிற்றைத் திறந்தால் உள்ளே இரத்தம் உறைந்து கிடக்கும், நடுமுள் முறிந்தோ சதையைவிட்டுக் கழன்றோ இருக்கும், மீன் புதிதாயிருந்தும் சதை தொளதொளக்கும். அதே ஆளிடம் அடுத்தநாள் வாங்காதீர்கள்.

நண்டை உயிரோடு கொதிதண்ணீரில் போடலாமா?

போடாதீர்கள். கொதிநீரில் நண்டு உடனே சாவதில்லை. சட்டியின் சுவரைப் பிராண்டும், கால்களைத் தானே கழற்றிப் போடும். 2018 இல் சுவிற்சர்லாந்து சிங்கிறாலை உயிரோடு அவிப்பதைத் தடை செய்தது. பிரித்தானியாவின் 2022 ஆம் ஆண்டு விலங்கு உணர்வுச் சட்டம் நண்டு, இறால், கணவாய் எல்லாவற்றையும் உணர்வுள்ள உயிர்களாக ஏற்றுக்கொண்டது.

வீட்டில் செய்யக்கூடியது: நண்டைக் கட்டோடு அரை மணி நேரம் நொறுக்கிய ஐஸுக்குள் புதைத்து வையுங்கள். அசைவு முற்றாக அடங்கியதும் மல்லாத்தி, வயிற்று மடலைத் தூக்கினால் சிறு குழி தெரியும். அதில் கூரிய கம்பியை இறக்குங்கள், பிறகு கண்களுக்குக் கீழே முன்பக்கத்திலும் இறக்குங்கள். நண்டுக்கு நரம்பு மையம் இரண்டு, ஒன்றை மட்டும் குத்தினால் போதாது. இரண்டு தடவை செய்தால் கை பழகிவிடும். உயிரோடு ஓட்டைப் பிய்த்துக் கழுவுவது நம் சமையலறைகளில் நடக்கிற மிகக் கொடிய பழக்கங்களில் ஒன்று.

கோழிக்கடையில் கவனிக்கவேண்டியது என்ன?

மூன்று விஷயம் பாருங்கள். கத்தி கூரா, இரண்டு பக்கமும் அறுபடுகிறதா. அறுத்தபின் முழுதாக அடங்கும்வரை விடுகிறார்களா, இல்லை துடிக்கத் துடிக்கச் சுடுதண்ணீருக்குள் அமுக்குகிறார்களா. காத்திருக்கும் கோழிகள் கூட்டில் தண்ணீரோடு இருக்கின்றனவா. இரண்டாவது பிழையாக நடக்கும் கடையை விட்டுவிடுங்கள், விட்ட காரணத்தையும் சொல்லிவிட்டு வாருங்கள். வீட்டில் ஊர்க்கோழி அறுப்பதானால், அடி வெட்டிய பெரிய பிளாஸ்டிக் போத்தலைக் கூம்பாகக் கட்டித் தலைகீழாக அதற்குள் இறக்கினால் சிறகடித்து எலும்பு முறியாது. மோட்டார் சைக்கிள் கைபிடியில் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுபோவதை நிறுத்தவேண்டும். ஒரு பெட்டி போதும்.

ஹலால் அறுப்பு கொடூரமானது என்கிறார்களே?

இந்தக் கேள்வி திருகோணமலையில் பெரும்பாலும் விலங்கின்மேல் அக்கறையில் வருவதில்லை, அயலவர்மேல் கோபத்தில் வருகிறது. அக்கறையோடு கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எதையும் செவ்வனே செய்யும்படி இறைவன் விதித்திருக்கிறான், அறுத்தால் நல்ல முறையில் அறுங்கள், கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், பிராணிக்கு ஆறுதல் கொடுங்கள் என்பது நபிமொழி. உயிருள்ள பிராணியை இலக்காக வைத்து எறிவதையும் நபிமொழி தடுக்கிறது. கிண்ணியாவிலும் மூதூரிலும் இதை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய பிள்ளைகள் இருக்கிறார்கள். விதி இவ்வளவு தெளிவாக இருக்க, மழுங்கிய கத்தியும் ஒன்றன் கண்முன்னே இன்னொன்றை அறுப்பதும் விதியை மீறுகிற வேலை. அதை அந்தச் சமூகத்துக்குள்ளேயே கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மாட்டைப் பொறுத்தவரை, மேலே சொன்ன காரணத்தால், அறுக்குமுன் நினைவிழக்கச் செய்வது நல்லது என்பதே என் கருத்து. நியூசிலாந்திலிருந்து ஏற்றுமதியாகும் ஹலால் இறைச்சிக்குத் தலையில் மின்சாரம் செலுத்தி மயக்கிய பின்னரே அறுக்கிறார்கள். மயக்கம் தெளியக்கூடியது என்பதால் அதை ஏற்கும் மார்க்க அறிஞர்கள் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. அந்த விவாதம் அவர்களுடையது.

கோயில் வேள்வி?

2017 இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் ஆலய மிருகபலியைத் தடை செய்தது, 2018 இல் அதற்குச் சட்டம் கொண்டுவர அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஒரு வெட்டில் விழும் ஆடு நோவால் அதிகம் உத்தரிக்காது என்பதை ஒத்துக்கொள்கிறேன். பறை முழங்க, சனக்கூட்டத்தின் நடுவில், முன்னே போன ஆட்டின் இரத்த வாடையில் தன் முறைக்காக நிற்கிற ஆட்டின் பயத்தை ஒத்துக்கொள்ள முடியாது. நேர்த்தியை வேறு விதமாகத் தீர்க்கலாம். நம்மூர் அம்மன்கள் நீற்றுப்பூசணிக்காயையும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிக்கு வெடி வைப்பது தவறா? விவசாயி என்ன செய்வான்?

தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் சேருவிலவிலும் ஒரு இரவில் ஒரு போக உழைப்பு போவதைக் கண்டவர்களிடம் "பாவம் பன்றி" என்று சொல்லிவிட்டுப் போக மாட்டேன். பயிரைக் காப்பது நியாயம். ஹக்கபட்டாஸ் எனப்படும் பன்றிவெடி அந்த நியாயத்துக்குள் அடங்காது.

வெடிமருந்தும் கல்லும் சேர்த்துக் கட்டி, இரைக்குள் மறைத்து வைக்கிறார்கள். கடித்ததும் வாய்க்குள் வெடிக்கிறது. தாடை சிதைகிறது, நாக்கு கிழிகிறது, உயிர் போவதில்லை. பன்றியோடு நிற்பதும் இல்லை; யானைக்கன்று கடிக்கிறது, மாடு கடிக்கிறது. வாய் சிதைந்த யானைக்குப் பசி இருக்கும், மேய முடியாது. தண்ணீரில் போய் நிற்கும், காயத்தில் புழு வைக்கும், நாட்கணக்கில், சிலவேளை வாரக்கணக்கில் மெலிந்து விழும். மனிதன் கண்டுபிடித்த சாவுகளில் இதைவிட நீண்டது குறைவு. வைத்தவர் அதைப் பார்ப்பதில்லை, வீட்டில் நித்திரையில் இருக்கிறார். ஒரு உயிர் சாவதைப் பக்கத்தில் நின்று பார்க்க முடியாத முறை எதுவோ, அதைப் பாவிக்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன். வேலி, காவல், அனுமதியுள்ள துவக்கு, நட்டஈட்டுக்கு முறைப்பாடு, எல்லாமே வெடியைவிடக் கடினம், செலவு. அந்தச் செலவை விவசாயியின் தலையில் மட்டும் போட்டுவிட்டுச் சோறு தின்கிற நாங்கள் ஒதுங்கிக்கொள்வதும் சரியில்லை.

எலி?

அடிக்கிற பொறி, பலமான வில்லோடு, கழுத்தில் விழுமாறு வைத்தது: நல்லது. பசை அட்டை: வேண்டவே வேண்டாம். ஒட்டிய எலி தன் தோலைப் பிய்த்துக்கொண்டு, காலைக் கடித்துக்கொண்டு மணிக்கணக்கில் கிடக்கும். பிறகு உயிரோடு குப்பையில் எறிகிறோம். இங்கிலாந்தில் பொதுமக்கள் அதைப் பாவிப்பது 2024 முதல் குற்றம். இரத்தம் உறையாமல் செய்யும் நஞ்சு சில நாட்கள் எடுத்து உள்ளே இரத்தம் கசியவைத்துக் கொல்லும், அந்த எலியைத் தின்னும் ஆந்தையையும் கொல்லும். கூட்டில் பிடித்து வாளித் தண்ணீரில் அமுக்குவதும் நல்ல முறை இல்லை. அரிசி மூட்டையை இரும்பு மூடி போட்ட பீப்பாவில் வைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

ஆமை இறைச்சி மருந்துக்கு நல்லது என்று இரகசியமாக விற்கிறார்களே?

கடலாமையைக் கொல்வது சட்டவிரோதம், கதை அதோடு முடியவேண்டும். ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். 1800 களின் நடுப்பகுதியில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ற், யாழ்ப்பாணச் சந்தையில் உயிருள்ள ஆமையிலிருந்தே துண்டு துண்டாக வெட்டி விற்றதை எழுதிவைத்திருக்கிறார். வாங்குகிறவர் கேட்ட பகுதியை வெட்டிக் கொடுத்து, இதயத்தைக் கடைசிக்கு விட்டார்களாம். ஆமை சாக நேரம் எடுக்கும் பிராணி என்பதுதான் அதற்கு வாய்த்த சாபம். அந்தப் பழக்கம் நம் முன்னோரில் சிலருடையது. மருந்து என்ற பேச்சில் உண்மை இல்லை. கடலாமை இறைச்சியில் நஞ்சேறிக் குடும்பமாக மனிதர்கள் இறந்ததும் உண்டு.

யாருமே கொல்ல நினைக்காத சாவுகள்?

பிரெட்ரிக் கோட்டை மான்களைச் சொல்கிறீர்கள் என்றால், ஆம். கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் சாப்பாட்டுப் பார்சலின் பொலித்தீனை எறிகிறார்கள், உப்புருசிக்கு மான் அதை விழுங்குகிறது, வயிறு அடைத்துப் பட்டினியில் சாகிறது. எவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. மானுக்கு அது தெரியாது. கையிலிருக்கும் பையைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

இவ்வளவு யோசிப்பதைவிடச் சைவமாகிவிடலாமே?

ஆகலாம், அவர்களை மதிக்கிறேன். ஆனால் பாலுக்காக வளர்க்கும் மாட்டின் ஆண்கன்று எங்கே போகிறது, வயலில் எலிக்கு என்ன வைக்கிறார்கள் என்ற கேள்விகள் சைவத் தட்டிலும் இருக்கின்றன. தின்னும் அளவைக் குறைப்பது எல்லோராலும் முடியும். வெள்ளி, செவ்வாய் மரக்கறி என்பது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற வழக்கம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மிருகவதைத் தடைச் சட்டம் 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கம். அதில் எழுதிய உச்சத் தண்டம் 100 ரூபா. இன்று அது ஒரு தேநீரின் காசு. புதிய விலங்கு நலச் சட்டமூலம் ஒன்றுக்காகப் பல ஆண்டுகளாகக் குரல் எழுப்பப்படுகிறது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை அரசு 2006 இல் கைவிட்டது; அதன் பிறகு கருத்தடையும் விசர்நாய்த் தடுப்பூசியும்தான் வழி.

வீதியில் அடிபட்டுத் துடிக்கும் மாட்டையோ நாயையோ கண்டால், கொன்றுவிடுவது கருணையா?

சிலவேளை ஆம். ஆனால் அந்த முடிவு கால்நடை வைத்தியருடையது. அவர் ஏற்றுவது அளவு கூட்டிய மயக்கமருந்து, நினைவு விநாடிகளில் போய்விடும். கல்லால் அடிப்பது, கழுத்தை நெரிப்பது, "தானாகச் சாகட்டும்" என்று ஓரமாக இழுத்துப் போடுவது, மூன்றுமே வதை. இரவில் எங்கள் வீதிகளில் மாடுகள் படுத்துக் கிடப்பதால் இது அடிக்கடி நடக்கிறது, ஆகவே தெரிந்துவைத்திருங்கள். வாகனங்களை மறித்து வெளிச்சம் காட்டச் சொல்லுங்கள். பொலிஸ் அவசர இலக்கமான 119 க்கு அறிவித்து, அரச கால்நடை வைத்தியசாலையில் யார் கடமையில் என்று கேளுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றவேண்டாம், மூச்சுக்குழலுக்குள் போகும். முறிந்த காலைப் பிடித்து இழுக்காதீர்கள். நகர்த்தியே ஆகவேண்டுமென்றால் சாக்கில் ஏற்றி நாலு பேராய் நகர்த்துங்கள். மாட்டின் காதில் பட்டி இருந்தால் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், உரிமையாளரைத் தேடவும் பிறகு கணக்குக் கேட்கவும் அது உதவும். வைத்தியர் வருமுன் இறைச்சிக்கு விலை பேச ஆள் வந்து நிற்பார். அவரிடம் கொடுக்காதீர்கள்.